கோலாட்டப் போட்டியை எங்கே உட்கார்ந்து பார்ப்பது?

கோலாட்டப் போட்டிக்குப் போனால் முதல் வரிசை நாற்காலிக்குப் போட்டி போடாதீர்கள். அங்கே நடுவர்கள், தலைமையாசிரியர், வார்டு உறுப்பினர், பொன்னாடை அடுக்கிய மேசை. போதாக்குறைக்கு, அங்கிருந்து பார்த்தால் உங்கள் பக்கம் ஆடுகிற நாலைந்து பிள்ளைகளின் முதுகுதான் தெரியும். கோலாட்டம் வட்டத்தில் ஆடுவது. அது வட்டமாகத் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் உயரத்தில் இருந்து பார்க்க வேண்டும். பள்ளி மாடி வராந்தா, கேலரிப் படி, ஒன்றும் இல்லாவிட்டால் மைதானத்து ஓரத் திண்ணை. வீட்டுப் பிள்ளையைச் செல்பேசியில் படம் பிடிக்க வந்தவர்கள் வேண்டுமானால் முன்னால் இருக்கட்டும்.

எந்தப் போட்டிக்குப் போவது? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக் கல்வித் துறை 2022-23இல் தொடங்கிய கலைத் திருவிழாவில் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி. மாநில அளவில் ஜெயித்தவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். மாநிலப் போட்டிக்குக் காமிராக்கள் வரும். ஆட்டத்தை ரசிக்கக் கற்றுக்கொள்ள ஏற்ற இடம் என்னவோ வட்டாரப் போட்டிதான். உதாரணத்துக்கு, சேலம் மாவட்டத்துக் கெங்கவல்லி வட்டாரத்தில் கூடமலை, தெடாவூர், செந்தாரப்பட்டி போன்ற ஊர்ப் பிள்ளைகள் ஒரே வளாகத்தில் கூடும்போது, நன்றாக ஆடுகிற குழுவும் தடுமாறுகிற குழுவும் அடுத்தடுத்து வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

ஜோடி நடனம் என்றதும் நம் ஆட்களுக்குச் சின்னத்திரைதான் ஞாபகத்துக்கு வரும். 2006இல் விஜய் டிவியில் ஜோடி நம்பர் ஒன், மறுவருஷம் கலைஞர் தொலைக்காட்சியில் கலா மாஸ்டரின் மானாட மயிலாட. அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஜோடி என்றால் ஆணும் பெண்ணும், தூக்கிச் சுற்றுவதும், கடைசியில் நடுவர் கண் கலங்குவதும். ஆனால் எதிரே ஒருத்தி இல்லாவிட்டால் ஆடவே முடியாது என்பதுதான் ஜோடி ஆட்டத்துக்கு இலக்கணம் என்றால், நம்மூரில் அதற்கு முதல் உரிமை கோலாட்டத்துக்குத்தான். கும்மியில் ஒரு ஆள் குறைந்தாலும் வட்டம் சுருங்கி ஆட்டம் ஓடும். கோலாட்டத்தில் ஒருத்தி காய்ச்சலில் படுத்துவிட்டால் இன்னொருத்தியின் கோல் காற்றில் நிற்கும். குழுவின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையில் இருக்க வேண்டியதும் அதனால்தான்.

ஆட்டம் பழையது. ஹம்பியில் மகாநவமி மேடையின் சிற்பங்களில் கோல் பிடித்து ஆடும் பெண்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் தீபாவளியை ஒட்டிப் பெண்கள் கோலாடுவது வழக்கமாக இருந்தது. மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டியின் வள்ளி கும்மிக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு, கொங்குப் பக்கம் அந்தக் கும்மிக்கு நல்ல பேச்சு எழுந்திருக்கிறது. கோலாட்டம் பெரும்பாலும் பள்ளி ஆண்டு விழாவோடு நின்றுவிடுகிறது.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் பார்க்காதீர்கள். ஆட்டம் தொடங்கியதும் ஒரு சுற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுங்கள். பதினாறு பேர் ஆடினால் எட்டு ஜோடி. எட்டு இடத்தில் கோலும் கோலும் மோதுகின்றன. கேட்க வேண்டியது ஒரே ஒரு ‘டக்’. பழகாத குழுவில் அது வாணலியில் கடுகு வெடிக்கிற மாதிரி சிதறிக் கேட்கும். முதல் நிமிஷத்தில் எல்லாக் குழுவும் ஓரளவு சேர்ந்தே அடிக்கும். பாட்டு வேகம் பிடித்ததும் எந்தக் குழு ஒரே ‘டக்’கில் நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பரிசு அதற்குத்தான் போகும். போகாவிட்டால் போயிருக்க வேண்டும்.

சத்தத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த, கடைசல் பிடித்த கெட்டி மரக் கோல் கணீர் என்று பேசும். ஈரம் ஏறியதோ விரிசல் விட்டதோ மந்தமாகப் பேசும். ஆனால் கோலைவிடப் பிடி முக்கியம். இறுக்கிப் பிடித்து ஓங்கி அடித்தால் சத்தம் செத்துவிடும், கையும் வலிக்கும். தளர்வாகப் பிடித்து மணிக்கட்டால் தட்டுகிற பிள்ளையிடம்தான் நாதம் வரும். முழங்கையைத் தோள்வரை தூக்கி வீசுகிற பிள்ளை மேடையில் பெரிதாகத் தெரியும். நடுவரும் சில நேரம் அதில் ஏமாறுவார். நீங்கள் ஏமாற வேண்டாம்.

கோலில் சலங்கை கட்டிக்கொண்டு வரும் குழுவை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். சலங்கை இனிமையானது, மறுக்கவில்லை. ஆனால் அரைத் தட்டுப் பிந்தி வந்த அடியை அது மூடிவிடும். வெறும் கோலால் ஆடுகிறவர்களுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

இனிக் கண்ணைத் திறக்கலாம். வெளியில் தெரிவது அடிப்படை: தன் இரண்டு கோலைத் தானே தட்டுவது, வலதால் எதிராளின் வலதைத் தட்டுவது, இடதால் இடதை, பிறகு குறுக்கே. இதை மூன்றாகவோ நான்காகவோ அடுக்கிப் பாட்டின் தாளத்தில் உட்கார வைக்கிறார்கள். ரசனைக்குரிய இடம் ஜோடி மாறும்போது வருகிறது. உள்வட்டம், வெளிவட்டம் என்று இரண்டு வட்டம் எதிரெதிராக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்வட்டம் நின்ற இடத்தில் நிற்க, வெளிவட்டம் மட்டும் ஒவ்வொரு இடமாக நகர்ந்தால், எட்டு ஜோடிக் குழுவில் எட்டாவது மாற்றத்தில் பழைய ஜோடி மறுபடி எதிரே வரும். இரண்டு வட்டமும் எதிர்த்திசையில் ஒவ்வொரு இடம் நகர்ந்தால் நாலாவது மாற்றத்திலேயே வந்துவிடும். அதாவது ஒருத்தி எட்டு பேரில் நாலு பேரோடுதான் கோல் தொடுவாள், மீதி நாலு பேரைக் கடைசிவரை சந்திக்கவே மாட்டாள். ஏழு ஜோடியாக இருந்தால் ஏழு பேரையும் சந்தித்துவிடுவாள். எத்தனை ஜோடி என்பதை யோசித்து வைத்த ஆசிரியர் யார், வந்த பிள்ளைகளை அப்படியே நிறுத்தியவர் யார் என்பது இதில் தெரிந்துபோகும். ஒரு பிள்ளையை மட்டும் குறிவைத்து, அவள் யார் யாரைச் சந்திக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். சினிமாப் பாட்டின் பல்லவி முடிவதற்குள் உங்களுக்கே ஆட்டத்தின் வரைபடம் பிடிபட்டுவிடும்.

அடுத்து கண்கள். புதுசாக ஆடுகிறவள் கோலைப் பார்ப்பாள். பழகியவள் எதிராளின் முகத்தைப் பார்ப்பாள். கோல் தானாக வந்து சேரும் என்ற நம்பிக்கை அவளுக்கு இருக்கிறது. குள்ளமான பிள்ளைக்கு எதிரே உயரமானவள் வரும்போது கவனியுங்கள். உயரமானவள் முழங்காலை மடக்கித் தன் கோலை இறக்கிக் கொடுக்கிறாளா, இல்லை சின்னவள் எம்பட்டும் என்று விட்டுவிடுகிறாளா? எனக்கு அந்த ஒரு நொடிக்கே மதிப்பெண் போடத் தோன்றும்.

கோல் கீழே விழும். எப்படியும் ஒரு குழுவில் விழும். கூட்டம் ‘உச்’ கொட்டும், நடுவர் குறித்துக்கொள்வார். நீங்கள் விழுந்த கோலை விட்டுவிட்டு எதிரே நிற்பவளைப் பாருங்கள். கெட்டிக்காரி தன் கோலை அதே உயரத்தில், அதே தாளத்தில் நீட்டியபடி நிற்பாள். விட்டவள் மிச்சமிருக்கும் ஒற்றைக் கோலால் தட்டிக்கொண்டே நகர்ந்துவிடுவாள். குனிந்து எடுக்கப் போனால் பின்னால் வருகிறவள் முட்டி, சங்கிலி முழுக்கச் சிக்கும். கோலை விட்டதற்கு மதிப்பெண் குறைக்கிற நடுவர்கள், சமாளித்ததற்கு மதிப்பெண் கூட்டவும் வேண்டும் என்பது என் கட்சி.

பின்னல் கோலாட்டம் ஆடுகிற குழு வந்தால் அதிர்ஷ்டம். நடுவில் மேலே கட்டிய வண்ணக் கயிறுகள், ஆளுக்கு ஒரு நுனி. பாதிப் பேர் வலமாகவும் மீதிப் பேர் இடமாகவும், ஒருத்தியை உள்ளே விட்டு அடுத்தவளை வெளியே விட்டுப் போகப் போக, மேலே சடை பின்னிக்கொண்டே இறங்கும். பின்னும்போது கைதட்டல் விழும். தட்டாமல் காத்திருங்கள். உண்மையான பரீட்சை அவிழ்க்கும்போது. வந்த வழியை அப்படியே திருப்பி ஆட வேண்டும். பின்னும்போது ஒரே ஒருத்தி உள்ளே போகவேண்டிய இடத்தில் வெளியே போயிருந்தாலும், அப்போது யாருக்கும் தெரியாது. அவிழ்க்கிறபோது கயிறு முடிச்சாக நின்று காட்டிக்கொடுக்கும். கயிறு சுத்தமாகப் பிரிந்து ஆளுக்கொரு நிறமாகத் தொங்கியதும் எழுந்து நின்று தட்டலாம்.

நடத்துகிறவர்கள் செய்யும் ஏற்பாடுகள் நம் ரசனையில் பாதியைத் தீர்மானித்துவிடுகின்றன. பெரும்பாலான போட்டிகளில் பென் டிரைவில் சினிமாப் பாட்டு, மைக் செட்காரர் ஏற்றிவைத்த பேஸ், அதற்குள் கோல் சத்தம் காணாமல் போய்விடும். ஸ்பீக்கர் பெட்டிகளைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, சத்தத்தைக் குறைத்து, ஆடும் தரைக்குப் பக்கத்தில் ஒரு மைக்கைத் தாழ வைத்தால் போதும். சிமென்ட் தரையில் பாயோ கார்ப்பெட்டோ விரிக்கவும் வேண்டாம். அதன் ஓரம் காலைத் தடுக்கும்.

நடுவர் தீர்ப்பிலும் ஒரு கோளாறு உண்டு. நாம் மதிப்பெண்களைக் கூட்டுகிறோம். மூன்று நடுவர்களில் இருவர் முதல் குழுவுக்கு 85, இரண்டாம் குழுவுக்கு 82 போடுகிறார்கள். மூன்றாமவர் முதல் குழுவுக்கு 50, இரண்டாம் குழுவுக்கு 80. கூட்டினால் 220, 244. மூவரில் இருவர் சிறந்தது என்று சொன்ன குழு தோற்றுப்போகிறது. இங்கிலாந்தின் பிளாக்பூலில் 1920 முதல் நடக்கும் ஜோடி நடன விழா உட்பட, பல பால்ரூம் போட்டிகளில் நடுவர்கள் இறுதிச் சுற்றில் மதிப்பெண் போடுவதில்லை, முதலிடம் இரண்டாமிடம் என்று வரிசை போடுகிறார்கள். எந்த ஜோடியைப் பெரும்பான்மை நடுவர்கள் முன்னே வைத்தார்களோ அந்த ஜோடிக்குப் பரிசு. ஒரே ஒருவரின் கோபமோ பாசமோ முடிவைத் திருப்ப முடியாது. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, ஒரு தாளும் பேனாவும் போதும். அமெரிக்காவின் ஸ்விங் நடனப் போட்டிகளில் இன்னொரு வகை உண்டு. யாருக்கு யார் ஜோடி என்பது குலுக்கலில் வரும், அங்கேயே போடுகிற பாட்டுக்கு அங்கேயே ஆட வேண்டும். கோலாட்டத்தில் நான்கு பள்ளிப் பிள்ளைகளைக் கலந்து, பரிசு இல்லாத ஒரு சுற்றாக அதை வைத்துப் பார்க்கலாம்.

போட்டி நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பென் டிரைவ் பாட்டு ஆடுகிறவர்களுக்காகக் காத்திருக்காது. பாடுகிற ஆள் காத்திருப்பார். பிள்ளைகள் தடுமாறினால் ஒரு அடியைத் திருப்பிப் பாடுவார், நிலைப்பட்டதும் வேகம் ஏற்றுவார். கும்மிப் பாட்டும் கோலாட்டப் பாட்டும் தெரிந்த பாட்டிகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் மாணவிகளிடமே கேட்டால் யார் வீட்டில் என்று சொல்வார்கள். அடுத்த போட்டிக்கு அவர்களில் ஒருவரை அழைத்து, நாற்காலி போட்டு, மைக்கை அவர் கையில் கொடுங்கள்.