காடும் தோட்டமும்: பல்லுயிர்க் கொள்கையின் சொல்லும் பொருளும்

அரசின் கொள்கை ஏடொன்றை மதிப்பிட முற்படுவோர் பெரும்பாலும் அதன் நோக்கத்தையே பார்ப்பர். அதன் சொற்களை ஆராய்வோர் சிலரே. ஆனால் கொள்கை செயலுக்கு வரும்போது சொல்லே அளவுகோலாகிறது. மலேசியாவின் தேசியப் பல்லுயிர்க் கொள்கையைக் கற்போர் அவ்வாறு நிறுத்தி ஆராய வேண்டிய சொல் ஒன்று உண்டு. அது 'காடு' என்பது.

1992இல் ரியோ நகரில் கூடிய உலக மாநாட்டில், நாட்டின் நிலப்பரப்பில் குறைந்தது 50 விழுக்காட்டைக் காடாகக் காப்பதாக மலேசியா உறுதி கூறியது. 1994இல் பல்லுயிர் உடன்படிக்கையை ஏற்று, 1998இல் முதல் தேசியப் பல்லுயிர்க் கொள்கையை வெளியிட்டது. 2002இல் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கை வந்தது. 2016 முதல் 2025 வரைக்கென வகுக்கப்பட்ட இரண்டாம் பல்லுயிர்க் கொள்கை 5 குறிக்கோள்களையும் 17 இலக்குகளையும் 57 செயற்பாடுகளையும் கொண்டது. நிலத்திலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் 20 விழுக்காடும், கரையோரக் கடற்பரப்பில் 10 விழுக்காடும் காக்கப்பட வேண்டும் என அது வரையறுத்தது. பின்னர் அது 2022-2030 காலத்திற்கெனத் திருத்தப்பட்டது. மக்களின் பங்கேற்பை முதற் குறிக்கோளாக வைத்தது இக்கொள்கையின் தனிச்சிறப்பு எனலாம்.

எனினும், விழுக்காடு காணும் முன் எண்ணப்படும் பொருள் எதுவென்று தெளிதல் வேண்டும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் வகுத்த வரையறைப்படி, அரை எக்டருக்கு மேற்பட்ட நிலத்தில், ஐந்து மீட்டருக்கு மேல் வளரும் மரங்களின் நிழல் பத்து விழுக்காட்டுக்கு மேல் படர்ந்திருந்தால் அது காடு. அவ்வரையறை ரப்பர்த் தோட்டத்தைக் காட்டுக்குள் சேர்க்கிறது. செம்பனைத் தோட்டத்தை விலக்குகிறது. மரப்பரப்பை அளக்க இது போதும். பல்லுயிரைக் காக்க இது போதாது.

இக்குழப்பம் தமிழருக்குப் புதிதன்று. தோட்டத்துத் தமிழர் தாம் உழைத்த நிரைகளை 'வேலைக்காடு' என்றே வழங்கினர். மலேசியத் தோட்டத் தமிழரைப் பற்றி அகிலன் எழுதிய நாவலின் பெயரும் 'பால்மரக் காட்டினிலே' என்பதே. விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைந்து, கொசுக்கடியும் பாம்பின் அச்சமும் தாங்கியவர்க்கு அது காடாகத் தோன்றியதில் வியப்பில்லை. அச்சொல்லில் அவர்தம் துன்பம் பதிந்துள்ளது. அதனைப் பிழையெனத் தள்ளுதல் தகாது. ஆயின் அனுபவத்தின் சொல்லை அளவையின் சொல்லாகக் கொள்ளுதலும் தகாது.

இங்குத் தமிழ் கற்பிப்போர்க்குத் துணையாக நிற்பது தொல்காப்பியம். அது திணையை வெறும் நிலமாகக் காணவில்லை. மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருளாக ஒருங்கு வைத்தது. இவற்றுள் ஒன்று மட்டும் நின்று பிற நீங்கினால் திணை நிரம்பாது. பிரேசில் நாட்டிலிருந்து வந்த ஒற்றை மரம் நிரை நிரையாக நிற்கும் இடத்தில் பசுமை உண்டு. முன்பு அங்கு வாழ்ந்த கருப்பொருள்களுள் பெரும்பாலானவை இல்லை.

பத்து பாகாட் இதற்குத் தக்க சான்று. சிம்பாங் கிரி, சிம்பாங் கானான் என்னும் ஈராறுகள் கூடிப் பத்து பாகாட் ஆறாகி மலாக்கா நீரிணையில் கலக்கும் இவ்வட்டாரம், கரையில் அலையாத்திக் காடும் உட்புறத்தில் சதுப்புக் காடும் வளர்தற்கேற்ற தாழ்நிலம். 1970களில் உலக வங்கிக் கடனுதவியோடு நடைபெற்ற மேற்கு ஜொகூர் வேளாண் வளர்ச்சித் திட்டம் கரைகளும் வடிகால்களும் மதகுகளும் அமைத்து இத்தாழ்நிலங்களைப் பயிருக்கு உரியவாக்கியது. பல குடும்பங்கள் அதனால் வாழ்ந்தன என்பது மறுக்கவொண்ணாதது. ஆனால் மக்கிய தாவரங்களாலான கரிமண், நீர் வடிந்ததும் சுருங்கிச் சிதைந்து தாழும் இயல்பினது. மேற்கு ஜொகூரின் அத்தகைய நிலங்கள் ஆண்டுக்குச் சராசரி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தாழ்ந்ததை அளவீடுகள் காட்டின. நிலம் தாழத் தாழ வெள்ளநீர் வடிதல் அரிதாகிறது. 2023 மார்ச்சில் பத்து பாகாட்டைச் சூழ்ந்த வெள்ளம் எளிதில் வடியவில்லை; மக்கள் பலர் நீண்ட நாள் நிவாரண மையங்களில் தங்கினர். அவ்வெள்ளத்திற்குப் பெருமழையே முதற் காரணம். எனினும் நீரைத் தேக்கிவைத்து மெல்ல விடுக்கும் சதுப்புக் காட்டின் பணியைச் செம்பனை நிரைகள் செய்வதில்லை என்பதையும் அது உணர்த்தியது.

கொள்கையின் மற்றொரு குறை அதன் அதிகாரத்தில் உள்ளது. கூட்டரசு கொள்கை வகுக்கிறது. அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி தீபகற்ப மாநிலங்களில் நிலமும் காடும் மாநிலத்தின் உரிமை. பத்து பாகாட்டுக்குத் தெற்கே பொந்தியான் மாவட்டத்திலுள்ள குக்குப் தீவின் அலையாத்திக் காடு 2003இல் ராம்சார் ஈரநிலமாக உலக ஏற்புப் பெற்றது. 2018 இறுதியில் அதன் தேசியப் பூங்காத் தகுதி நீக்கப்படுவதாக எழுந்த செய்தி நாடளாவிய விவாதத்தை உண்டாக்கிற்று. உலக ஏற்பு இருந்தும், முடிவு செய்யும் உரிமை மாநிலத்திடமே இருந்தது. காட்டை வெட்டினால் மாநிலத்திற்கு வருவாய், காத்தால் செலவு. இந்நிலை நீடிக்கும்வரை அறிவுரை மட்டும் பயன் தாராது. 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு 6 கோடி ரிங்கிட் ஒதுக்கியது இக்குறையை உணர்ந்த முயற்சியாகும். அம்முயற்சி வளர வேண்டும்; அதனினும் முதன்மையாக, எது காக்கப்படுகிறது என்பது தெளிவாக எழுதப்பட வேண்டும். இயற்கைக் காடு வேறு, நட்ட மரப்பரப்பு வேறு எனத் தனித்தனியே கணக்கிட்டு மக்கள் முன் வைக்காத விழுக்காடு, எத்துணை உயர்ந்ததாயினும் ஐயத்திற்கு இடமானதே.

இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்தத் தமிழ்ப்பள்ளியினும் ஏற்ற இடம் இல்லை. அவர்தம் பாட்டனார் பாட்டியரின் நினைவில் வேலைக்காடு இன்னும் நிற்கிறது. அதன் கதையைப் படிக்கும்போதே, அதற்கு முன் அங்கு எந்த மரம் நின்றது, எந்தப் பறவை கூவியது என்னும் வினாவையும் ஆசிரியர் எழுப்பலாம். அவ்வினாவை எழுப்பக் கற்ற தலைமுறையே கொள்கை ஏட்டின் விழுக்காடுகளையும் ஆராய்ந்து படிக்கும்.