எடுத்த திருவடியும் கோடைப் பயிற்சியும்

ஆடற்கலையைக் கூத்தப்பெருமானது அருட்செயலோடு இயைத்துப் போற்றுதல் சைவ மரபு. அக்கலையிற் கைவந்தாரும், மேடையேறிப் பெயர் பெற்றாரும் மேலும் பயிலுதற்பொருட்டுச் சென்னை முதலிய நகரங்களிற் கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் நடைபெறுகின்றன. சில நாள் முதல் சில வாரம் வரை நிகழும் அவற்றில் புதிய உருப்படிகளும், நட்டுவாங்கமும், கரணங்களும், அபிநயமும் கற்பிக்கப்படுகின்றன. அவற்றின் நலனையும் குறையையும் நடுநிலையில் ஆராய்தல் முறையாம்.

நலன் உண்டென்பது மறுக்கற்பாலதன்று. பல்லாண்டு தனித்து ஆடி வந்தார்க்கு அடவிற் புகுந்த வழு தமக்கே புலப்படாது. பிறர் கண்முன் ஆடுங்கால் அது புலப்பட்டுத் திருந்தும். வேறு வேறு பாணியினர் ஒருங்கிருந்து பயிலுதலும் நன்றே.

குறை யாதெனின், காலச் சுருக்கத்தினும் பொருட்சுருக்கமே பெரிதென்க. நாட்டிய நூல் கூறும் கரணங்கள் 108. தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் மேற்றளத்தே 81 கரணங்களே செதுக்கப்பெற்றுள்ளன; எஞ்சியவற்றிற்கென விடப்பட்ட கற்கள் உருவமின்றி நிற்கின்றன. பேரரசன் திருப்பணியிலும் முற்றுப்பெறாததனைப் பத்து நாளில் முற்றக் கற்பிக்க முற்படுதல் எங்ஙனம் பொருந்தும்?

அன்றியும், கூத்தப்பிரான் திருக்கோலத்தை ஒரு காலைப் பொழுதிற் கற்பித்து விடுகின்றனர். துடியிற் படைத்தலும், அமைத்த கையிற் காத்தலும், தீயில் அழித்தலும், ஊன்றிய தாளில் மறைத்தலும், எடுத்த திருவடியில் அருளலும் அமைந்தன என உண்மை விளக்கம் உணர்த்துகின்றது. இதனை உணராது கால் தூக்கி நிற்றல் உடற்பயிற்சியேயன்றிப் பிறிதில்லை. முதிர்ந்தார்க்கென வகுத்த முகாமிலேயே இப்பொருள் உணர்த்தப்படாதாயின், அவர்பாற் பயிலும் இளையார் அதனை எங்குப் பெறுவர்?

அற்றேல், முப்பது அகவை கடந்த உருக்மிணி தேவியார் 1935-இல் அடையாற்றில் அரங்கேறினாரன்றோ, காலம் நீளவேண்டுவது என்னையெனின், அறியாது கூறினாய். அவர் அவ்வளவில் அமையாது, 1936-இல் கலாக்ஷேத்திரம் நிறுவிப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற மரபாசிரியரை அங்கு அமர்த்தி, ஆசிரியரும் மாணாக்கரும் உடனுறையும் முறையை நாட்டினார். தொடக்கம் விரைவிற் கூடலாம். நிலைபேறு அங்ஙனம் கூடாது.

காரங்காடு முதலிய கடற்கரையூர்களை உடைய இராமநாதபுரச் சீமையில், மணிவாசகப்பெருமான் நீத்தல் விண்ணப்பம் பாடியருளிய திருவுத்தரகோசமங்கை விளங்குகின்றது. ஆண்டுள்ள மரகதக் கூத்தர் திருமேனி ஆண்டு முழுதும் சந்தனக் காப்பினுள் மறைந்திருந்து, மார்கழித் திருவாதிரையையொட்டி மட்டுமே காப்புக் களைந்து காட்சியளிக்கின்றது. காத்திருந்தார்க்கே அக்காட்சி கிடைக்கும். கலையும் அத்தகையதே, நெடுநாள் உள்ளே முதிர்ந்து ஒருநாள் வெளிப்படுதல் அதற்கு அழகு.

ஆதலின் முகாம் நடத்துவோர் மூன்று செய்தல் வேண்டும். உருப்படிகளின் எண்ணிக்கையைக் குறைத்தல் ஒன்று. நாடோறும் ஒரு நாழிகையேனும் திருமுறையும் சித்தாந்த நூலும் வல்லார்வாய்க் கேட்பித்தல் ஒன்று. கோடை கழிந்த பின்னும் ஆசிரியர்–மாணாக்கர் தொடர்பு அறாது காத்தல் ஒன்று. இவை அமையுமாயின் கோடைப் பயிற்சி ஆடலோடு ஒழியாது வழிபாடுமாம். அமையாவாயின் அரங்கிற் சிலம்பொலி மிகும், அம்பலத்தின் பொருள் மறையும்.

திருச்சிற்றம்பலம்.