சேலையும் சட்டையும்

'தலைவி' படத்தை மறுபடி பார்த்தேன், இந்த முறை ஓடிடியில், நிறுத்தி நிறுத்தி. இயக்குநர் ஏ.எல். விஜய் படத்தைச் சட்டசபையில் ஆரம்பிக்கிறார். 1989ஆம் வருஷத்துச் சம்பவம். எதிர்க்கட்சித் தலைவியைச் சூழ்ந்து தாக்குகிறார்கள், சேலை இழுக்கப்படுகிறது, பாஞ்சாலி போல ஒரு சபதம், பிறகு ஃபிளாஷ்பேக். கங்கனா ரனாவத் அந்த இடத்தில் நன்றாகவே செய்திருக்கிறார். மார்ச் 25 அன்று உள்ளே என்ன நடந்தது என்று திமுகவும் அதிமுகவும் இன்றுவரை இரண்டு கதை சொல்கின்றன. படம் ஒரு கதையை எடுத்துக்கொண்டது. என் புகார் அது இல்லை.

படத்துக்குச் சட்டசபை என்பது ஒருவர் அவமானப்பட்டு, பிறகு ஜெயித்துத் திரும்பி வரும் இடம். மற்ற உறுப்பினர்கள் எல்லாம் கூட்டம். நாமும் சட்டசபையை அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

2017 பிப்ரவரி 18, எடப்பாடி பழனிசாமியின் நம்பிக்கை வாக்கெடுப்பு. யாரைக் கேட்டாலும் கிழிந்த சட்டையோடு வெளியே வந்த ஸ்டாலினைச் சொல்வார்கள். அமளி, இரண்டு தடவை ஒத்திவைப்பு, திமுகவினர் வெளியேற்றம், கடைசியில் 122க்கு 11. கணக்குப் போட்டால், திமுக, காங்கிரஸ் எல்லாம் உள்ளேயே இருந்திருந்தாலும் எதிர்ப்பு 109ஐத் தாண்டாது. சண்டையால் முடிவு மாறவில்லை. ஆனால் அந்த 122 பேரில் பெரும்பாலானவர்கள் கூவத்தூர் ரிசார்ட்டிலிருந்து நேராக வந்தவர்கள். அதனால்தான் ஓ.பன்னீர்செல்வமும் ஸ்டாலினும் ரகசிய வாக்கெடுப்பு கேட்டார்கள், சபாநாயகர் தனபால் மறுத்தார். (என் எம்.எல்.ஏ. எந்தப் பக்கம் நின்றார் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? வேண்டும்தான். எனக்கு இதில் இன்னும் தெளிவில்லை.) வாதாட வேண்டிய கேள்வி அது. கேட்டவர்களே மைக்கையும் நாற்காலியையும் பிடித்து இழுத்து அதை மூடிவிட்டார்கள். அன்று மாலை பேச்செல்லாம் அவை மரபு பற்றித்தான்.

அமெரிக்காவில் 2018ல் கவனாவை நீதிபதியாக்கும்போது செனட் குழுவில் கத்தலும் அழுகையுமாக இருந்தது, கடைசியில் 50க்கு 48. அங்கே அந்த ஆளை உட்கார வைத்து நாள் கணக்கில் கேள்வி கேட்டார்கள். இங்கே முதல்வராக வந்தவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதாக ஞாபகமில்லை.

நான் இருப்பது திருமுல்லைவாயல், ஆவடி தொகுதி. வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில். மாமா வீடு பூந்தமல்லி. மூன்றுமே அன்று அதிமுக தொகுதிகள். அம்பத்தூர் அலெக்சாண்டர் ஆதரித்தார், பதவிக்காலம் முழுக்க இருந்தார். ஆவடி பாண்டியராஜன் எதிர்த்து நின்ற 11 பேரில் ஒருவர். ஆகஸ்டில் அணிகள் சேர்ந்ததும் அதே ஆட்சியில் அமைச்சர். பூந்தமல்லி ஏழுமலை ஆதரித்தவர். பிறகு தினகரன் பக்கம் போய், முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களில் ஒருவரானார். செப்டம்பர் 18ல் தகுதிநீக்கம் ஆன 18 பேரில் அவரும் உண்டு. 2019 ஏப்ரல் இடைத்தேர்தல் வரை, ஒன்றரை வருஷத்துக்கு மேல், பூந்தமல்லிக்கு எம்.எல்.ஏ.வே இல்லை.

மாமா இதை ஒரே மூச்சில் சொல்வார்: "வேணாம்னு நின்னவரு மந்திரி ஆயிட்டாரு. வேணும்னு நின்ன நம்மாளு வீட்டுக்குப் போயிட்டாரு. இதுல எவன் சட்டை கிழிஞ்சா எனக்கென்னடா?"

இதைப் படமாக எடுக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். பெயர் சொல்லி அழைக்கிறார்கள், ஒருவர் எழுந்து நிற்கிறார், எண்ணுகிறார்கள், உட்காருகிறார். குரல் உயரவில்லை, துணி கிழியவில்லை. பின்னணி இசைக்கு இடமே இல்லை. விஜய் அந்தக் காட்சியை எடிட்டிங்கில் தூக்கியிருப்பார். நானும் ஓடிடியில் தள்ளிவிட்டுத்தான் பார்த்திருப்பேன்.