விடை கேட்ட நந்தன்

பழங்கதையை இசைநாடகமாக்குதல் உலக வழக்கு. மலையரசன் கவர்ந்த மங்கையின் கதையைச் சுவீடனில் ஹால்ஸ்ட்ரோம் 1874-இல் அவ்வாறு ஆக்கினார். நம் மொழியில் அதற்குத் தக்க சான்று கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை.

12-ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் நந்தனைத் தடுத்தது தன் பிறப்பைப் பற்றிய தயக்கமே. ஆண்டை எவரையும் அவர் பாடவில்லை. பாரதியாரோ வேதியர் ஒருவரைப் படைத்து, நாற்பது வேலி நிலத்தைக் குறுக்கே நிறுத்தினார். தடைக்கு முகம் கிடைத்தது. விடை கேட்டு நிற்பவனின் ஏக்கம் இசையாயிற்று. கப்பலை எதிர்நோக்கிக் கரையில் நின்று பழகிய அந்தமான் தமிழராகிய நாம் அவ்வேக்கத்தை நன்கறிவோம்.

எனினும் ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் இயலாது. ஆண்டையின் மனத்தை மாற்றிய பாரதியார், தில்லையில் மூண்ட தீயை மாற்றவில்லை. அதில் புகுந்த பின்னரே நந்தனுக்குக் கோயில் திறந்தது. அத்தீயை வியந்து பாடுவதோடு நாம் அமைதல் தகாது. அது ஏன் மூட்டப்பட்டது என வினவுதலும் வேண்டும்.