வரியின் எல்லை: மூலநிரல் நடைவிதிகள் பற்றிய ஒரு மதிப்பீடு

பலர் கூடி எழுதும் செய்நிரல்களுக்கு நடைவழிகாட்டிகள் வகுக்கப்படுதல் வழக்கம். அவற்றை வெறும் தொழினுட்பக் குறிப்புகளெனக் கொண்டு ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. ஒரு குழுவினர் தமது எழுத்து எவ்வாறு வாசிக்கப்படவேண்டும் என விரும்புகின்றனர் என்பதனை வெளிப்படுத்தும் பனுவல்கள் அவை. அவற்றுள் அதிக சர்ச்சைக்குள்ளாவது, ஒரு வரியில் எத்தனை எழுத்துகள் இடம்பெறலாம் என்னும் சிறு விதியே. எழுதுவோரின் வசதிக்கும் வாசிப்போரின் வசதிக்கும் இடையிலான முரண் அவ்விதியிற் பொதிந்துள்ளமையே இதற்குக் காரணம் எனலாம்.

எண்பது என்னும் அளவு வாசிப்பை ஆராய்ந்து கண்டதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் அறிமுகஞ்செய்த துளையட்டையில் 80 எழுத்திடங்கள் இருந்தன. 1957இல் வெளிவந்த போட்ரான் மொழி அவற்றைப் பங்கிட்டுக்கொண்டது. முதல் ஐந்து இடங்கள் கூற்றின் இலக்கத்துக்கும், ஆறாவது முந்திய அட்டையின் தொடர்ச்சியைச் சுட்டுவதற்கும், 7 முதல் 72 வரையுள்ளவை கூற்றுக்கும் உரியனவாயின. எஞ்சிய எட்டும் செய்நிரலுக்குப் பயன்படாமைக்குக் காரணம் 704 கணினியின் அட்டை வாசிப்பியே. ஒரு நிரையிலிருந்து 36 பிட்டுகள் கொண்ட இரு சொற்களை மாத்திரமே அஃது ஏற்றது. அவ்வெட்டு இடங்களிலும் வரிசையெண் குத்தப்பட்டது. அட்டைக்கட்டு கைதவறிச் சிதறின் மீள அடுக்குவதற்கு அதுவே துணை. 1978இல் வந்த வீ.ரி. 100 முனையமும் 80 இடங்களையே வழமையான அகலமாகக் கொண்டது. அட்டை மறைந்தது, அளவு நிலைத்தது.

மரபின் எச்சம் என்பதனால் மாத்திரம் ஓர் அளவு தவறாகிவிடாது. பைதன் மொழியின் நடைவழிகாட்டியாகிய பெப் 8 (2001), 80 எழுத்திட அகலமுள்ள சாளரத்தைக் கருத்திற்கொண்டு 79ஐ எல்லையாக விதிக்கின்றது. சில கருவிகள் இறுதி இடத்தில் ஒரு குறியை இடுதல் கூடுமாதலால் ஓரிடம் விடப்பட்டது. இரு கோப்புகளை அருகருகே வைத்து ஒப்புநோக்க இயலவேண்டும் என்பது அது கூறும் நியாயம். ஒருவர் செய்த திருத்தத்தை மற்றொருவர் பழைய வடிவத்தோடு ஒப்பிட்டு ஏற்கும் கூட்டுமுயற்சிகளில் இந்நியாயம் இன்றும் வலுவுடையதே. தமக்குள் உடன்பாடு காணக்கூடிய குழுவினர் 99 வரை செல்லலாம் எனவும் அது இடமளிக்கின்றது. எண்ணைக் காட்டிலும் உடன்பாட்டுக்கே அங்கு முதன்மை அளிக்கப்படுதல் மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும், எண்ணப்படுவது யாது என்பது அத்துணை எளிதன்று. 2008இல் வெளிவந்த பைதன் 3 தமிழெழுத்துகளால் மாறிகளுக்குப் பெயரிடவும் இடந்தருகின்றது. ‘தமிழ்’ என்னும் சொல் வாசகருக்கு மூன்று எழுத்து, யுனிகோட் முறையில் ஐந்து குறியெண்கள், யூ.ரி.எவ். 8 முறையில் 15 பைட்டுகள். திரையில் அது கொள்ளும் அகலமோ எழுத்துருவைப் பொறுத்தது. எழுத்தொன்றுக்கு இடமொன்று என்னும் எடுகோள் ஆங்கிலத் தட்டச்சுப்பொறியின் உலகைச் சேர்ந்தது. தமிழிற் குறிப்பெழுதும் குழுவொன்று 79 என்னும் எண்ணை அப்படியே கடன்வாங்குமாயின், எதனை எண்ணுவது என்பதிலேயே முதலில் இணங்கவேண்டியிருக்கும்.

லினக்ஸ் கருவின் நடைவழிகாட்டி இதனினும் சுவையானது. உள்ளொதுக்கம் ஒவ்வொன்றுக்கும் எட்டு இடங்களை விதிக்கும் அது, மூன்று படிகளுக்கு மேல் உள்ளே செல்லவேண்டியிருப்பின் செய்நிரலையே திருத்துமாறு கடிந்துரைக்கின்றது. மூன்று படிகள் 24 இடங்களை விழுங்க, 80இல் எஞ்சுவன 56 மாத்திரமே. எனவே இவ்வெல்லை கண்ணுக்கான அளவாக மட்டுமன்றிச் சிக்கலை மறைமுகமாகக் கட்டுப்படுத்தும் கருவியாகவும் அமைகின்றது. அதன் பலவீனமும் இதுவே. சிக்கலான சார்பைப் பிரித்தெழுதுதற்கு மாறாக, மாறிகளின் பெயர்களைக் குறுக்கியோ கூற்றைத் துண்டாடியோ எவரும் அளவுக்குள் அடங்கிவிடலாம். அளவுகோல் நிறைவுறும்; வாசிப்போர் இடர்ப்படுவர்.

2020 மே மாதத்தில் லினஸ் தோர்வால்ட்ஸ் எழுப்பிய எதிர்ப்பு இத்தகைய துண்டாடலையே குறியாகக் கொண்டது. அளவுமீறிய வரிமுறிப்புகள் கிரெப் போன்ற வரிவரியாகத் தேடும் கருவிகளைப் பயனற்றவையாக்குகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். திரைகள் அகன்றுவிட்டன என்னும் வாதத்தைக் காட்டிலும் இது ஆழமானது. பயனர் காணும் செய்திகளை முறிக்கலாகாது என்னும் விலக்கு வழிகாட்டியில் ஏற்கெனவே இருந்தமையும் இத்தேடலின் பொருட்டே. அவ்வாண்டில், திருத்தங்களைச் சரிபார்க்கும் கருவி 100ஐத் தாண்டினால் மாத்திரமே எச்சரிக்குமாறு மாற்றப்பட்டது. வழிகாட்டியிலோ 80 விரும்பத்தக்க அளவாகத் தொடர்ந்தது. இருவேறு எண்களை முரண்பாடெனச் சிலர் கருதலாம். உண்மையில் விரும்பத்தக்கது வேறு, பொறுக்கத்தக்கது வேறு என்னும் தெளிவு அப்பொழுதே பிறந்தது. முன்னர் கருவியொன்று இயந்திரகதியில் வழங்கிய தீர்ப்பு, 80க்கும் 100க்கும் இடைப்பட்ட வெளியில் மனிதரிடம் மீண்டது. புதிதாகப் பங்களிப்போர் தமது கூற்றின் உள்ளடக்கத்துக்காக அன்றி ஈரெழுத்து மிகுதிக்காகத் திருப்பியனுப்பப்படும் அவலத்தை இது ஓரளவேனும் குறைக்கும்.

இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தது, 2018இல் வெளிவந்த பிளக் என்னும் வடிவமைப்புக் கருவி. எண்பதுடன் பத்து விழுக்காடு கூட்டி 88 எனக் கொண்டு, வரிகளைத் தானே முறித்து அடுக்குகின்றது. எண்ணை மாற்றலாம், எங்கே முறிப்பது என்னும் தெரிவு பெரிதும் அதன் கையிலேயே. கோ மொழியோ வரிக்கு எல்லையே விதிக்கவில்லை. துளையட்டை நிரம்பிவிடுமோ என அஞ்சவேண்டா என்னும் பொருள்பட அதன் வழிகாட்டி எள்ளல் செய்கின்றது. பிளக் பிணக்கைத் தீர்க்கின்றது என்பதில் ஐயமில்லை. ஆயின் நீண்ட கூற்றொன்று எவ்விடத்திற் பொருளாற் பிரிகின்றது என்பது கருவி அறியாதது. அதனை அறிந்தவர் எழுதியவர் ஒருவரே. முதிர்ந்த குழுக்கள் அமைதியின் பொருட்டு இவ்விலையைக் கொடுக்கத் துணிவதில் வியப்பில்லை.

பழைய தொகுதியொன்றை ஒரே நாளிற் புதிய அளவுக்கு மாற்றுதல் வேறொரு இழப்பையும் உண்டாக்குகின்றது. ஒவ்வொரு வரியையும் இறுதியாக மாற்றியவர் யார், எக்காரணம்பற்றி என்பதைக் காட்டும் கிட் பதிவேட்டில், பல்லாயிரம் வரிகளின்மீது வடிவமைத்தவர் பெயரே படிந்துவிடும். ஐந்தாண்டுக்கு முன்னர் ஒரு பிழையைத் திருத்தியவர் விட்டுச்சென்ற விளக்கம் அதன் கீழ் மறையும். 2019இல் வெளியான கிட் 2.23, புறக்கணிக்கவேண்டிய மாற்றங்களை ஒரு கோப்பிற் பட்டியலிட வகைசெய்தது. ஆயினும் அக்கோப்பைத் தொகுதியோடு சேர்த்துவைத்து, ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் அதனைச் சுட்டிக்கொள்ளவேண்டும். இதற்கும் குழுவின் உடன்பாடு வேண்டும்.