ஹார்விட்ஸ் எக்காளம்: எதுவரை நம்பலாம்?

ஒரே மாவை இருபது ஆய்வகங்களுக்கு அனுப்பினால் இருபது எண்கள் வரும். அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கலாம்? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய வில்லியம் ஹார்விட்ஸ், 1980இல் இதற்கு ஒரே சமன்பாட்டில் விடை சொன்னார். அளக்கப்படும் பொருளின் செறிவு நூறு மடங்கு குறையும்போதெல்லாம் ஆய்வகங்களுக்கு இடையிலான சிதறல் இரு மடங்காகிறது. தூய பொருளில் 2 சதவீதம், பத்து லட்சத்தில் ஒரு பங்கில் 16, நூறு கோடியில் ஒரு பங்கில் 45. வரைந்து பார்த்தால் வாய் விரிந்த எக்காளம்போல் இருக்கும். அந்தப் பெயரே நிலைத்தது.

என்ன பொருள், எந்தக் கருவி என்பதெல்லாம் இந்தக் கணக்கில் பெரிதாக வருவதில்லை. இதுதான் அதன் கவர்ச்சி. இயற்கை விதிக்குரிய மரியாதை அதற்குக் கிடைத்ததற்கும் இதுவே காரணம். அந்த மரியாதை தகுமா?

தகாது என்பேன். கீழ்முனையைப் பாருங்கள். லட்சம் கோடியில் ஐந்து பங்கு என்ற அளவில் இந்தச் சமன்பாடு தரும் சிதறல் 100 சதவீதத்தைத் தொடுகிறது. அதற்குக் கீழே அளப்பதே வீண் என்று பொருள். ஆனால் பாலிலும் மீனிலும் உள்ள டையாக்சினை ஆய்வகங்கள் அந்த அளவில்தான் அளக்கின்றன, அதுவும் இதைவிட வெகு குறைந்த சிதறலோடு. ஐசோடோப்பு சேர்த்த அதே சேர்மத்தை மாதிரியில் முதலிலேயே கலந்துவிடுவதால், பிரித்தெடுக்கையில் ஏற்படும் இழப்பு தானே ஈடாகிவிடுகிறது. 2000இல் லண்டன் பிர்க்பெக் கல்லூரியின் மைக்கேல் தாம்சன் கணக்கைத் திருத்தினார்: நூறு கோடியில் 120 பங்குக்குக் கீழே சிதறல் 22 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. அதைவிடச் சிதறினால் அந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. ஆகவே அங்கே ஆய்வகங்கள் கூடுதலாகப் பாடுபடுகின்றன. ஹார்விட்ஸ் வரைந்தது மூலக்கூறின் குணத்தை அல்ல, மனித உழைப்பு எங்கே போதும் என்று நிற்கிறது என்பதை.

இன்னொரு குறையும் உண்டு. புதிய முறையொன்றின் சிதறலை இந்த வளைவு சொல்லும் சிதறலால் வகுத்து, விடை 0.5க்கும் 2க்கும் இடையில் வந்தால் முறை ஏற்கத்தக்கது என்கிறார்கள். வளைவோடு பொருந்தாத முறைகள் வடிகட்டப்பட்டால், மிஞ்சியவை வளைவோடு பொருந்துவதில் என்ன வியப்பு?

ஆனாலும் இதைத் தூக்கியெறியச் சொல்ல மாட்டேன். நடுப்பகுதியில் இது நல்ல அளவுகோல். கீழ்முனையிலும், ஒற்றை எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடையாது. பதப்படுத்தவுள்ள நிலக்கடலையில் பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சினுக்கு, சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். தாம்சனின் 22 சதவீதத்தையே வைத்துக்கொண்டாலும், உண்மையில் 15 உள்ள மாவை ஓர் ஆய்வகம் 12 என்றும் இன்னொன்று 18 என்றும் சொல்லலாம். இருவரும் தவறு செய்யவில்லை.

எக்காளம் அறவே பேசாத இடம் ஒன்று உண்டு: மூட்டை. பல ஆய்வகங்கள் சேர்ந்து செய்யும் கூட்டாய்வுக்குப் போவது நன்றாக அரைத்துக் கலந்த மாவு. கடலைக் குவியலிலோ பூஞ்சை சில பருப்புகளில் மட்டும் குடியிருக்கும். ஒற்றைப் பருப்பில் கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற கணக்கில் நச்சு இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். அப்படியோர் அரை கிராம் பருப்பில் 500 மைக்ரோகிராம் இருக்கும். 20 கிலோ மாதிரியில் அது ஒன்று விழுந்தால் போதும், முழு மாதிரியும் கிலோவுக்கு 25 ஆகிவிடும். விழாவிட்டால் சுத்தம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நிறை நிறமாலைமானியும் இதைச் சரிசெய்யாது. ஹார்விட்ஸ் வளைவின் ஆகப்பெரிய குறை அதன் சமன்பாட்டில் இல்லை. நம்பகத்தின் எல்லை ஆய்வகக் கதவுக்குள்தான் இருக்கிறது என்று நம்மை எண்ண வைத்ததில் இருக்கிறது.

என் தீர்ப்பு இது: செறிவின் நடுப்பகுதிக்கு அளவுகோலாக இதை ஏற்கலாம், விதியாக ஏற்கக் கூடாது, சரக்கை ஏற்பதற்கும் தள்ளுவதற்கும் இதை மட்டும் நம்பவே கூடாது. 15 வரம்புக்கு 16 என்று ஓர் அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், கையெழுத்திடுமுன் இரண்டைக் கேளுங்கள்: அந்த 16இன் கூடக்குறைய எவ்வளவு? எத்தனை மூட்டையிலிருந்து, எத்தனை கிலோ எடுத்தார்கள்?