மணிக்கூண்டின் எண்களும் ரிவனின் எண்களும்

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில், 1568-ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூத ஜெப ஆலயத்தை ஒட்டி, டச்சுக் கம்பெனியின் பெருவணிகராக விளங்கிய எசக்கியேல் ரஹாபி 1760-ஆம் ஆண்டையொட்டிக் கட்டுவித்த மணிக்கூண்டு, தன் முகங்களில் எபிரேயம், ரோமானியம், மலையாளம் என்னும் வெவ்வேறு எண்வரிசைகளைத் தாங்கி நிற்கிறது. விளையாட்டுப் பத்தியில் இந்த மணிக்கூண்டுக்கு இடமுண்டு. சதுரங்கத்தை நகர்த்தலுக்கு நகர்த்தல் அலசிப் பார்க்கிற நாம், புதிர்களாலேயே நடைபெறும் கணினிச் சாகச ஆட்டங்களையும் அதே சிரத்தையோடு அலச வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்; அவற்றுள் மிகச் சிறந்ததென்று நான் கருதும் எண்புதிருக்கு இந்தக் கூண்டைவிட நல்ல பயிற்சிக்களம் எனக்குத் தெரிந்தவரை வேறில்லை.

எபிரேய எழுத்தைக் கண்டிராத ஒருவர் அந்த முகத்தின் கீழே வந்து நின்றாலும் திகைக்க வேண்டியதில்லை. உச்சியில் இருப்பது பன்னிரண்டு, நேர் கீழே இருப்பது ஆறு என்பது முன்னமே நிச்சயம். அறியாத குறியை அறிந்த ஸ்தானம் விளக்கிவிடுகிறது. சற்று ஊன்றி நோக்கினால், பத்தின் எழுத்தே பதினொன்றிலும் பன்னிரண்டிலும் மீண்டும் வந்து, கூடவே ஒன்றின் எழுத்தும் இரண்டின் எழுத்தும் சேர்ந்திருப்பது புலனாகும். இந்த எண்முறை பத்தில் ஊன்றி நிற்பது என்ற அனுமானம் அங்கேயே பிறந்துவிடும். பழைய மலையாளத்திலும், ௰ என்னும் குறியைப் பத்துக்கெனத் தனியே வைத்திருந்த நம் பழந்தமிழிலும், இதே பத்தின் ஆட்சிதான். ரோமானிய வரிசையோ ஐந்திலே ஒருமுறை இளைப்பாறி, ஐந்தின் குறியோடு கோடுகளைச் சேர்த்து ஆறும் ஏழும் எழுதிய பின்னரே பத்துக்கு ஏறுகிறது. இந்தச் சிறு வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நலம்.

1993-இல் மிஸ்ட் என்னும் ஆட்டத்தால் புகழ்பெற்ற ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்களின் சயன் நிறுவனம், 1997-இல் அதன் தொடர்ச்சியாக வெளியிட்ட ஆட்டம் ரிவன். நான் மேலே குறிப்பிட்ட எண்புதிர் இருப்பது இதில்தான்; அதில் ஆட்டக்காரர் எதிர்கொள்வது ட்னி என்னும் கற்பனை இனத்தாரின் எண்கள். அவற்றுக்கு எந்த அகராதியும் ஆட்டத்தில் தரப்படுவதில்லை. ஆட்டம் நிகழும் தீவுகளின் வாசிகளுடைய பிள்ளைகள் படிக்கும் சிறிய பள்ளிக்கூடத்திலே ஒரு விளையாட்டுச் சாதனம் மட்டுமே இருக்கிறது. அதைத் திருகினால் ஒரு குறி தோன்றும். கயிற்றில் தொங்கும் மனிதப் பொம்மை, வாய் பிளந்து காத்திருக்கும் வார்க் என்னும் நீர்விலங்கை நோக்கி, அக்குறியின் மதிப்புக்குரிய படிகள் கீழே இறங்கும். குறியைப் பார்த்து, படியை எண்ணி, இரண்டையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மணிக்கூண்டில் ஸ்தானம் செய்த உதவியை இங்கே படிகளின் எண்ணிக்கை செய்கிறது. பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வியாஜத்தில் அந்நியருக்கும் பாடம் சொல்லித் தருகின்ற இந்த நேர்மையை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆனால் அந்தச் சாதனம் பத்து வரையுள்ள எண்களைத்தான் காட்டும். திறமை வெளிப்படுவதும் தடுமாற்றம் நேர்வதும் இவ்விடத்தில்தான். பத்து விரலின் பழக்கத்தால், பத்தோடு ஒரு சுற்று முடிந்துவிட்டதென்று கொண்டு, அதற்கு மேல் பதினொன்று என்பது பத்துக்குப் பக்கத்தில் ஒன்று என எதிர்பார்ப்பவரின் ஆட்டம் அங்கேயே சிக்கிவிடும். கூர்மையான ஆட்டக்காரர் ஐந்தின் குறியையே திரும்பத் திரும்ப நோக்குவார். ஒன்றின் குறி கட்டத்துக்குள் நிற்கும் ஒரு நெடுங்கோடு. ஐந்தின் குறி அதே கோடு கால்வட்டம் திரும்பிப் படுத்திருப்பது. ஆறு என்பது படுத்த கோட்டின்மேல் நிற்கும் கோட்டை வரைந்த சிலுவை வடிவம். இரண்டின் குறியைத் திருப்பினால் பத்து வந்து நிற்பதையும் கண்டுவிட்டால், திருப்புதல் என்பது ஐந்தால் பெருக்குதல் என்ற விதி சந்தேகமின்றி நிலைபெறும். மூன்றைத் திருப்பிப் பதினைந்தும் நான்கைத் திருப்பி இருபதும் தாமே பெறலாம்; இருபதின்மேல் நான்கை வரைந்தால் இருபத்து நான்கு. ரோமானியரைப் போல ஐந்தில் இளைப்பாறி, அவர்கள் செல்லாத வழியில் இருபத்தைந்தை அடிமானமாகக் கொண்ட முறை இது. எபிரேய, மலையாள முகங்களில் மட்டும் பழகிய கண்ணைவிட ரோமானிய முகத்திலும் பழகிய கண் இவ்விடத்தில் ஒரு படி முந்தியிருக்கும் என்பது என் கணிப்பு.

இத்தனை பிரயாசையின் பலன் அத்தீவுகளில் பூட்டிக்கிடக்கும் குவிமாடங்களின் முன்னே தெரியவரும். அவற்றைத் திறக்க, இருபத்தைந்து நிலைகள் கொண்ட சட்டத்தில் ஐந்து குமிழ்களை உரிய இடங்களில் நிறுத்த வேண்டும். நிறுத்தக்கூடிய வகைகள் 53,130. அந்த ஐந்து எண்களும் கென் என்பவனின் குறிப்பேட்டில் ட்னிக் குறிகளால் எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு புதிய ஆட்டத்திலும் அவை மாறிவிடுவதால், முன்னே ஆடியவரிடம் விடையைக் கேட்டறிந்து பயனில்லை. குருட்டு அதிர்ஷ்டத்தை நம்பிக் குமிழ்களை நகர்த்துபவருக்கு நாட்கள் போதாது. பத்துக் குறிகளைக் கண்ணால் கண்டு, எஞ்சியவற்றை யுக்தியால் வரைந்து, ஒன்று முதல் இருபத்தைந்து வரை அட்டவணை எழுதிக்கொண்டவரோ, குறிப்பேட்டைப் படித்ததும் ஐந்து குமிழ்களையும் ஒரே தடவையில் நிறுத்திக் குவிமாடத்தைத் திறந்துவிடுவார்.